பிரேக்கில் வைத்த கால்

இந்த வண்டி என் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தது. பதினாலு வருடம் ஓடிய ஹைபிரிட் கார். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ஜாதி. என் அக்காவுடையது. சில நாள் காலையில் கிளம்பாது. என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டால் மட்டும் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

மூன்று முறை வந்தது. சாவிக்குள் இருக்கும் குட்டி பேட்டரியை மாற்றினேன். டிக்கியில் இருக்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியையும் மாற்றினேன். ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் இல்லை என்றது. கடைசியில் எரிச்சலில் நானும் சொல்லிவிட்டேன். "வண்டி நல்லாத்தான்க்கா இருக்கு. நீதான் ஏதோ தப்பு பண்றே."

அக்கா மகனுக்கு அது போதும். சத்தமில்லாத வண்டி, கிளம்பியதா இல்லையா என்றே அம்மாவுக்குத் தெரிவதில்லை, மறதி வந்துவிட்டது என்று ஏற்கெனவே ஓதிக்கொண்டிருந்தவன், வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டான். சனிக்கிழமை வருகிறார்கள். அதோடு அவள் தன் வீட்டையும் காலி செய்து அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். அறுபத்தாறு வயதிலும் யார் தயவும் இல்லாமல் கடைகண்ணிக்குப் போய் வருகிறவள்!

வியாழக்கிழமை போன் செய்தாள். "விடுடி, வித்துத் தொலையட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இவள் எதையும் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மறுநாள் காலை ஆறரைக்கே வோல்ட் பார்க்கும் மீட்டரும் கையுமாக அவள் வாசலில் போய் நின்றேன்.

நான் உட்கார்ந்து பத்து தடவை ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். பத்து தடவையும் கிளம்பியது, சனியன். சரி, கிளம்பும் நேரத்தில் பேட்டரி இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்று டிக்கியைத் திறந்தேன்.

"அக்கா, நான் பின்னாடி நின்னு மீட்டரைப் பாக்கணும். நீ வந்து உக்காரு."

"நான் உக்காந்தா கிளம்பாதுடி."

"கிளம்பாம இருந்தா நல்லதுதான். வா."

வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். காலையில் அவளுக்கு அந்தக் கால் மடங்காது. ஒன்பது மணிக்கு மேல்தான் சரியாகும். உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. வண்டி கிளம்பவில்லை. மீட்டரில் எண் இம்மியும் அசையவில்லை.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அமுக்குனியா?"

"மிதிச்சுக்கிட்டுதான்டி இருக்கேன்! எத்தனை தடவை சொல்றது?"

திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பிரேக் விளக்கு எரியவே இல்லை.

ஓடிப் போய் குனிந்து பார்த்தேன். அவள் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. பிரேக்கும் இறங்கித்தான் இருந்தது, அந்தக் கால் வலி விட்ட மட்டும். "இன்னும் கொஞ்சம் மிதிக்கா," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பிரேக் விளக்கு எரிந்தது.

பிரேக்குக்கு மேலே ஒரு சுவிட்ச் உண்டு. கால் வைத்தாயிற்று என்று அது சொன்னால்தான் பின்னால் விளக்கும் எரியும், வண்டியும் கிளம்பும். தேய்ந்துபோய், ஆழமாக மிதித்தால்தான் வேலை செய்தது. என் கால் இடி மாதிரி இறங்கும். அவள் மகன் காலும் அப்படித்தான். யாரும் மிதிக்கவில்லை என்று சுவிட்ச் சொன்னால் ஸ்கேனர் அதில் என்ன கோளாறு கண்டுபிடிக்கும்?

இருபத்திரண்டு வருடமாக எந்த வண்டி வந்தாலும் நான் செய்கிற முதல் வேலை, சாவியை வாங்கி நானே ஏறி உட்காருவது. ஓட்டுகிறவரை ஒரு நாளாவது உட்காரச் சொல்லிப் பார்த்ததில்லை. பெரிய மெக்கானிக் நான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் புது சுவிட்ச் எடுத்து வந்து, மல்லாந்து படுத்து அரை மணி நேரத்தில் மாட்டினேன். அக்கா சும்மா கால் வைத்தாள்; வண்டி கிளம்பியது. உடனே அவள் மகனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்கம்மா ஒழுங்காத்தான்டா மிதிச்சிருக்கா. கோளாறு வண்டியிலதான்."

"வர்றவங்களை வேண்டாம்னு சொல்லிடறேன் சித்தி," என்றான்.

அக்கா துள்ளிக் குதிப்பாள் என்று திரும்பினேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவன் சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நீயும் சொன்ன பிறகுதான்டி நானே நம்ப ஆரம்பிச்சேன். அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டுனேனான்னு ஒரு வாரமா எழுந்து எழுந்து போய்ப் பாக்கறேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை ரெண்டு அறை அறைஞ்சுடுக்கா," என்றேன்.