மிஷினுக்குத் தூசி ஆகாது

பேக்கிங் செக்ஷனில் முந்நூற்றுப் பத்து அட்டைப் பெட்டிகள் டேப் ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கி நின்றன. ஒன்றில்கூட ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை ஏற்றக் கூடாது. அதனால் தூத்துக்குடி போகவேண்டிய கன்டெய்னர் லாரி காலையிலிருந்து பின்கதவைத் திறந்துபோட்டபடி பனியன் கம்பெனி வாசலில் கிடந்தது. பொன்னாத்தாள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ஸ்டிக்கர் ரூமின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டுக்கு எட்டு அடி அறை அது. ஒரு ஏசி, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பழைய ஸ்டிக்கர் பிரின்டர். கதவில் ஒட்டியிருந்த தாளில், அங்கே உட்கார்ந்து ஸ்டிக்கர் அடிக்கும் சாயிமாவின் குண்டு எழுத்து: "மிஷினுக்குத் தூசி ஆகாது. கதவைச் சாத்தவும்."

சனிக்கிழமை பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றுவிட்டது. முதலாளி மகன் பிரதீப் திங்கட்கிழமை புதியது வாங்கி வைத்தான். புதிய கம்ப்யூட்டருக்குப் பழைய பிரின்டரை அடையாளம் தெரியவில்லை. கடையிலிருந்து வந்த சர்வீஸ் பையன் யுவன் காலை ஒன்பதரையிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இப்போது மணி பன்னிரண்டு.

பிரதீப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்னப்பா, ஆச்சா?"

"சார், இது பத்து வருசத்துக்கு மேல பழசு. அகலப் பின்னு. புது சிஸ்டத்துல அந்த ஓட்டையே இல்லீங்க. மாத்து கேபிள் போட்டிருக்கேன், பிரின்டருக்கான டிரைவர் சாஃப்ட்வேரும் ஏத்திட்டேன். ஆனா பேப்பர் நகர மாட்டேங்குது."

"மூணு மணிக்கு லாரி கெளம்பணும்." பிரதீப் சாயிமா பக்கம் திரும்பினான். "ரெண்டரைக்குள்ள ஓடலைன்னா ஸ்டிக்கரை வெளியவே அடிச்சுக்கலாம். மிஷினைத் தூக்கிருவோம். அப்பறம் இந்த ரூமுக்கு ஆள் எதுக்கு? நீ பிசிருக்குப் போயிரு."

சாயிமா தலையை ஆட்டினாள். பிசிர் டேபிள் என்றால் துணியில் தொங்கும் நூலை வெட்டுகிற இடம். பத்தாவதோடு பள்ளியை விட்டு வந்ததும் அவள் முதலில் சேர்ந்தது அங்கேதான். இரண்டாம் வருடம் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. ஒருநாள் டேபிளிலேயே மூச்சு அடைத்து, பொன்னாத்தாள்தான் ஆட்டோவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பஞ்சுத் தூசி ஆகாது என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதற்கப்புறம் கெஞ்சி வாங்கிய வேலை இது. இந்த நான்கு வருடத்தில் மூச்சிழுப்புக்கான ஸ்பிரேயை அவள் பையிலிருந்து எடுத்தது மூன்று முறையோ நான்கு முறையோ.

பிரதீப் போனபின் அவள் யுவனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, ஸ்கிரீன்ல இந்தக் கட்டத்துல என்ன இருக்குதுங்க?"

"போர்ட்டு. எந்த வழியா பிரின்டருக்குப் போகணும்னு."

"அதுல பழைய ஓட்டையோட பேருதானுங்களே இருக்குது? நீங்க இப்ப கேபிளை யுஎஸ்பியிலதானே மாட்டியிருக்கீங்க?"

யுவன் திரையைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். போர்ட்டை மாற்றி டெஸ்ட் பிரின்ட் கொடுத்தான். பிரின்டர் ஒருமுறை உறுமி, ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது.

வெளியே பொன்னாத்தாள் எழுந்தே விட்டாள். "வந்துருச்சா கண்ணு?"

வந்தது, ஆனால் சரியாக வரவில்லை. எழுத்துகளும் பார்கோடும் ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தன. சாயிமா ஸ்கேனரை வைத்துப் பார்த்தாள். கீச் என்ற சத்தம் வரவில்லை. இன்னொன்று அடித்தார்கள். அதுவும் அப்படியே.

யுவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அடிக்கிற ஹெட் போயிருச்சுங்க சிஸ்டர். மாத்தறதுக்கு ஸ்பேரும் கிடைக்காது. புதுசு வாங்கச் சொல்லிருவோம். எங்க கடையில ஸ்டாக் இருக்கு."

"ஹெட் போனா கோடு கோடா விட்டுப்போகுமுங்க. போன தடவ போனப்ப அப்பிடித்தான் ஆச்சு. இது சுருங்கியில்ல வருது?"

அவள் பிரின்டரை அணைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் இல்லாமல் அது தானாக அடிக்கும் சோதனைத் தாள் நீளமாக வந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு, ஒரு கோடுகூட விடவில்லை. யுவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 

சாயிமா நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஸ்டிக்கரை மாதிரிக்கு ஒட்டி வைப்பது அவள் வழக்கம். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, செக்கிங்கில் பனியனை அளக்கிற மாதிரி இரண்டையும் அளந்தாள். பழைய ஸ்டிக்கரில் பார்கோடு மூன்று இஞ்ச். இதில் ஏறக்குறைய இரண்டு. பழையதில் மொத்த உயரம் ஆறு. இதில் ஏறக்குறைய நாலு.

"எல்லாம் ஒரே கணக்காக் கொறையுதுங்க. மூணுக்கு ரெண்டு, ஆறுக்கு நாலு. அளவு செட்டு தப்புன்னா எல்லாப் பீசும் இப்பிடித்தான் ஒரே மாதிரி வரும். நீங்க ஏத்துனது இந்த மிஷினோட டிரைவர்தானுங்களா?"

"முன்னாடி போட்டிருக்குதே, இருநூத்தி இருவதுன்னு."

சாயிமா குனிந்து பார்த்தாள். 220 என்பதை அடுத்து பேர்த்தகட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் தடிமனாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பிரதீப்பின் அம்மா வந்து மிஷின்களுக்குப் பொட்டு வைப்பார். பிரின்டருக்கு எப்போதும் அந்த இடத்தில்தான். பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே.

சாயிமாவின் நகம் பொட்டு வரை போய் நின்றது. கையை இழுத்து, தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"பொன்னாத்தாக்கா, இதைக் கொஞ்சம் தொடச்சு உடுங்க."

"ஏங் கண்ணு, உங்கையில என்ன ஆச்சு?"

"நீங்களே தொடைங்க்கா."

பொன்னாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து வழிந்தது. 220-க்குப் பக்கத்தில் ஒரு எழுத்து மெதுவாக வெளியே வந்தது. H.

"பொட்டு வெச்சு வெச்சு அது பேரையே மறச்சுப்போட்டமே," என்றாள் பொன்னாத்தாள். "காலையிலிருந்து ஆளு மாத்திக் கூப்புட்டா அது எப்படித் திரும்பிப் பாக்கும்?"

யுவன் சிரிக்கவில்லை. அவன் அதற்குள் நெட்டில் அந்த மாடலைத் தேடத் தொடங்கியிருந்தான். "எச்சுன்னா புள்ளி பொடிசுங்க, அதான் சுருங்கிருக்கு. 220 எச்சுக்குப் புது டிரைவர் இல்லீங்க. பழைய விண்டோஸுக்குப் போட்டது ஒண்ணு இருக்கு."

ஏற்றியதும் திரையில் சிவப்பில் மறுப்பு வந்தது. கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்க முடியாது. மணி ஒன்று ஐம்பது. வாசலில் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

"வேற வழியே இல்லீங்களா?"

"இருக்கு. ரீஸ்டார்ட் பண்றப்ப அந்தக் கையொப்பச் சோதனையை நிறுத்தலாம். சிஸ்டத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம்மேல வரும், சிஸ்டர்."

"நான் கேட்டேன்னு சொல்லிருங்க."

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு அழுத்தினான். திரை கறுத்தது. நீலமானது. எண் போட்ட பட்டியல் ஒன்று வந்தது. ஏழாம் எண்ணை அழுத்தினான். மறுபடி கறுப்பு. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சாயிமாவின் மேலுதட்டில் வேர்த்திருந்தது. கறுப்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு இருபதுக்கு முதல் ஸ்டிக்கர் வந்தது. சாயிமா அளந்தாள். மூன்று இஞ்ச். ஸ்கேனரை வைத்தாள். கீச்.

 பிரின்டர் அடித்துக்கொண்டே இருந்தது. சாயிமா கிழித்துக் கொடுக்க, பொன்னாத்தாள் ஓடி ஓடி ஒட்டினாள். யுவன்கூட ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒட்டினான். ஒட்டிய பெட்டிகளை லோடுமேன்கள் அப்படியே லாரியில் ஏற்றினார்கள். மூன்றே காலுக்கு லாரியின் கதவு சாத்தப்பட்டது.

பிரதீப் சிரித்த முகத்தோடு வந்தான். "சூப்பர் யுவன்! உங்க ஓனர்கிட்ட சொல்றேன்."

"சிஸ்டர்தானுங்க சார் கண்டுபுடிச்சாங்க."

"அப்படியா?" பிரதீப் அவளைப் பார்த்தான். "சாயிமா, என்னென்ன பண்ணீங்கன்னு வரிசையா ஒரு தாள்ல எழுதி வெச்சுரு. அடிக்கிறது, ரோல் மாத்தறது எல்லாம். நீ ஒருநாள் லீவுன்னா யாருக்காச்சும் தெரியணுமில்ல?"

இதுவரை அவளிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. வேலை முடிந்தும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் பத்தொன்பது வரி எழுதினாள். மாடல் 220 H என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள். கடைசி வரியாக, அறைக்குள் பஞ்சு வராமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினாள். பிரதீப் நின்றபடியே முழுதும் படித்து, போனில் படம் பிடித்துக்கொண்டான்.

"எழுத்து நல்லாருக்குதே," என்றான்.

அடுத்த நாள் காலை அவள் நாற்காலியில் ஆபீஸ் டைப்பிஸ்ட் விஜயகுமாரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தத் தாள், பிளாஸ்டிக் உறைக்குள்.

"சார்தான் உக்காரச் சொன்னாருங்க," என்றாள் அவள், எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல்.

பிரதீப் பிசிர் டேபிள் பக்கம் நின்றிருந்தான். "அடுத்த ஆர்டருக்கு இங்க ஆள் பத்தலை, சாயிமா. ஸ்டிக்கரை விஜயகுமாரி ஆபீஸ் வேலையோட பாத்துக்குவா. நீதான் எல்லாம் தெளிவா எழுதிட்டயே."

"சார், எனக்கு இந்தத் தூசி ஆகாதுங்க. டாக்டர் சீட்டுக்கூட உங்ககிட்டக் குடுத்தேன்."

"மாஸ்க் போட்டுக்கோ. எல்லாரும்தானே போடறாங்க."

அவள் மாஸ்க் போட்டுக்கொண்டாள். டேபிளில் வெள்ளைப் பனியன்கள் குவிந்திருந்தன. தலைக்கு மேல் விசிறி சுழல, ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சு மெல்ல மிதந்து இறங்கியது. பதினோரு மணிக்குள் நெஞ்சுக்குள் விசில் கேட்கத் தொடங்கியது. கத்திரியை வைத்துவிட்டு மாஸ்க்கை இறக்கி, ஸ்பிரேயை வாயில் வைத்து இழுத்தாள். எதிரில் கண்ணாடிக் கதவு தெரிந்தது. உள்ளே பிரின்டரின் தலையில் துணி போர்த்தியிருந்தது. பேர்த்தகட்டில் ஈரம் காயாத புதுப் பொட்டு.

விஜயகுமாரி ஆபீசுக்குப் போன அவசரத்தில் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. டேபிளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பிரதீப் அதைக் கண்டு நின்றான். போய், கதவை இழுத்துச் சாத்தினான். கதவிலிருந்த 'மிஷினுக்குத் தூசி ஆகாது' தாளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. கட்டை விரலால் அதை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு நடந்தான்.