தலை தூக்கிய கிரேன்காரர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். அந்தரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷன், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்த மறுநாளிலிருந்து தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். மூளைக்காய்ச்சல் இல்லை என்று சோதனை முடிவு நல்லபடியாகத்தான் வந்திருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளந்தது, படுத்தால் விட்டது.

கூட இருந்த அக்கா அழுது தீர்த்தாள். "முதுகுல ஊசி வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். என் தம்பிய முடமாக்கிட்டீங்களே! இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கிரேன்காரரைக் காலால் அழுத்தி உதைக்கச் சொன்னாள், உதைத்தார். உள்ளங்காலைச் சுரண்டினாள்.

"ஐயோ, கூசுது சிஸ்டர்!"

"பாத்தீங்களாக்கா? முடமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஊசி போன ஓட்டை உள்ள இன்னும் மூடல. மூளையச் சுத்தி இருக்கிற தண்ணி அது வழியா கசியுது, அதான் உட்கார்ந்தா தலை வலிக்குது."

படுக்க வைத்தாள், நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தாள், காபி கொடுத்தாள், வேளாவேளைக்கு மாத்திரை. வலி மசியவில்லை. அவள் டாக்டரை விடவில்லை. "நேத்தைவிட இன்னிக்கு வலி அதிகம் டாக்டர். ஒரு வாய் சாப்பிட எழுந்திருக்க முடியல."

டாக்டர் வந்து பார்த்தார். "இவர் கையிலேருந்தே ரத்தம் எடுத்து முதுகுல அதே இடத்துல போடுவோம். உறைஞ்சு ஓட்டைய அடைச்சுக்கும்."

"மறுபடியும் ஊசியா?" கிரேன்காரர் முகம் வெளுத்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் சொன்னாள்: "நான் பிடிச்சுக்கறேன். முடியற வரைக்கும் நகர மாட்டேன்."

நகரவில்லை. ஒருக்களித்துச் சுருண்டவரின் முழங்காலையும் தோளையும் அணைத்துப் பிடித்தபடி முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள். "மேலேருந்து பாத்தா கப்பல் எப்படி இருக்கும்?"

"தீப்பெட்டி மாதிரி... அம்மாடி!"

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்தார். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை மெல்ல மெல்ல உயர்த்தினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். உட்கார்ந்தார். காலைத் தரையில் ஊன்றினார். நின்றேவிட்டார்!

"அக்கா, பளிச்சுனு இருக்கு!"

பக்கத்துக் கட்டில்காரர் கைதட்ட, வார்டே சேர்ந்து தட்டியது.

"கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க," என்றாள் நர்ஸ்.

"பாரம் தூக்குறதுதானே என் பொழப்பே!"

"அத கிரேன் தூக்கட்டும்."

அக்கா சிரித்தாள், அழுதாள், நர்ஸை இறுகக் கட்டிக்கொண்டாள். "உன்னைப் போய் என்னவெல்லாம் பேசிட்டேன் தாயி!"

"விடுங்கக்கா," என்ற நர்ஸ் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். தம்பியோ யாரையும் கண்டுகொள்ளாமல், நெஞ்சை நிமிர்த்தி, வராந்தாவில் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தார்.