சால்செதோ வீட்டு ஜூலை

பான்டெல்லேரியாத் தீவில் கயெத்தானோ சால்செதோவின் வீட்டில் மட்டும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஜூலை மாதம் நடந்தது. ஜனவரியில் ஊரே கம்பளிக்குள் முடங்கியிருக்க, அவருடைய முற்றத்தில் திராட்சை காய்ந்து சுருங்கியது; அத்தி மரத்தில் சில்வண்டு கத்தியது. பக்கத்து வீட்டு ரொசாரியா தன் ஈரத் துணிகளை அங்கே கொண்டுவந்து உலர்த்திப் போனாள். மற்றவர்கள் இருமுகிற குழந்தைகளை உட்காரவைத்துப் போனார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆறில்லாத தீவு அது. குவிந்த கூரைகளில் விழும் மழைதான் தரைக்கடியில் உள்ள தொட்டியில் இறங்கிக் குடிநீராகும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையை யாரும் உள்ளே விடமாட்டார்கள். அது கூரையைக் கழுவட்டும் என்று கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, இரண்டாம் மழைக்குத்தான் திறப்பார்கள். இந்த ஜூலை தொடங்கிய ஆண்டில் இரண்டாம் மழை ஆப்பிரிக்கக் காற்றோடு செம்மண் கலந்து வந்தது. ஊரார் பேசாமல் திறந்துவிட்டார்கள். கயெத்தானோ மட்டும் கூரைமேல் நின்று, "சால்செதோ வீட்டுத் தொட்டி சேறு குடிக்காது. குளிச்சிட்டு வா" என்று மழையிடம் நேராகவே சொன்னார். மழைக்கும் மானம் உண்டு. அன்று போனது, வரவில்லை; அந்த வீட்டில் கோடையும் முடியவில்லை.

அவர் அசரவில்லை. தொட்டி பெரியது, செலவு சிக்கனமானது. ஆனால் ஐந்தாம் ஆண்டில் மருமகள் நுன்சியாவுக்கு மாதம் நிறைந்தபோது தொட்டியில் இறக்கிய வாளி வெறுங்கல்லில் தட்டியது. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் குளியல் சொந்தக் கூரைத் தண்ணீரில்தான். தலைமுறை தலைமுறையாக அதில் பிசகு வந்ததில்லை.

"என் வீட்ல ஒரு குடம் எடுத்துக்கயேன். எந்தக் கூரைத் தண்ணின்னு குழந்தைக்குத் தெரியவா போகுது?" என்றாள் ரொசாரியா.

"குழந்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப நீயே குளி."

உள்ளே வலி கண்டிருந்த நுன்சியா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள்: "மாமா, அடைச்ச துணிய இன்னும் நீங்க எடுக்கவே இல்ல! கதவச் சாத்திட்டு விருந்தாளி வரலையேன்னா எப்படி?"

கயெத்தானோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூரையேறினார். சுள்ளென்ற வெயிலில், அங்கேயே காய்ந்து கிடந்த துணியை உருவினார். மறைமாவட்ட ஆயர் வந்தபோதும் கழற்றாத தொப்பியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்டார் என்று சொல்கிறவர்கள் அங்கே இருந்தவர்கள் அல்லர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வீட்ல விசேஷம். வரணும்."

மழை வந்தது. அதுவும் தன் மரியாதையை விடவில்லை: கூரையில் மட்டும் பெய்தது. முற்றத்துத் திராட்சையில் ஒரு சொட்டு விழவில்லை. பேத்தியைக் குளிப்பாட்டிய தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. ரொசாரியா வாயைத் திறப்பதற்குள், "நல்ல நிறம்" என்றார் கயெத்தானோ.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கூரைக்குப் பருவம் தவறாமல் மழை வருகிறது; முற்றத்தில் எப்போதும் ஜூலைதான். ரொசாரியாவின் துணிக்கயிறு இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. தன் கூரை மழையை அவள் துணி குடிக்காதபடி அதை ஒரு முழம் வெயில் பக்கமாகத் தள்ளிக் கட்டும்படி கயெத்தானோ அவ்வப்போது சத்தம் போடுவார், அவள் கட்டமாட்டாள்.