மந்திரி மகள் என்று எழுதியிருந்த படம்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் படக்கிடங்கில் மனிதர்களும் பாலங்களும் ஒரே பெட்டியில் கிடந்தார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் போதும். முன்னாள் பிரதமர் ஓர் உறையில். அவர் பெயரை வைத்த அரசு மருத்துவமனை அடுத்த உறையில். அவரைத் தேர்தலில் மண்ணைக் கவ்வ வைத்தவர் அதற்கும் அடுத்ததில். அவருக்கும் அதே பெயர்தான், சொந்தம் எதுவும் கிடையாது. பரம எதிரிகள் இருவரும் நாற்பது வருடமாக ஒரு மருத்துவமனையை நடுவில் வைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். யாராவது குறை சொன்னால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.

"ஆளைத் தேடி வர்றவனும் பேரைத்தான் சொல்லிக் கேக்கிறான். பாலத்தைத் தேடி வர்றவனும் பேரைத்தான் சொல்லிக் கேக்கிறான். அப்புறம் எதுக்கு ரெண்டு பெட்டி?"



அவரிடம் வேலை பார்த்த இரண்டு பேரில் இளையவன் அவன். முப்பத்தொரு வயது. ஏழு மாதத்துக்கு முன் அவன் மனைவி இறந்துபோனாள். இறங்காத காய்ச்சல், பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பதினாறாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லோரிடமும் "சரி" என்றான். எதற்குச் சரி என்று யாருக்கும் புரியவில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் விட்டுவிட்டார்கள். அவனுக்கு அது வசதியாக இருந்தது. படங்கள் எதையும் விசாரிப்பதில்லை.

முன்னாள் பிரதமரின் அந்தக் குடும்பப் பெயர் அவ்வளவு சாதாரணமான பெயர். கூட்டத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். அவன் மனைவிக்கும் அதே பெயர்தான், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும். அடுத்த மாதத் தேர்தலில் ஒரே தொகுதியில் அந்தப் பெயர் கொண்ட மூன்று பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 'ஞாயிறு அக்கா' என்று பெயர். அவர் இதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரில் உள்ள அரசியல்வாதிகள், ஊர்கள், கட்டடங்கள் எல்லாவற்றையும் படங்களாக இரண்டு பக்கத்தில் போடுவது என்று முடிவாயிற்று. படம் பொறுக்குவதும் கீழே இரண்டு வரி எழுதுவதும் அவன் தலையில் விழுந்தன.

புதன்கிழமை பெட்டியைக் கவிழ்த்து மேஜையில் பரப்பினான். தலைவர்கள், தலைவர்களின் சிலைகள், சிலைகளைத் திறந்துவைத்த வேறு தலைவர்கள். ஒரு பேருந்து நிலையம். ஒரு விளையாட்டரங்கம். வறண்டுபோன ஓர் ஏரி. பழைய பிரதமரின் பெயரில் ஆற்றின் மேல் கட்டிய பாலத்துக்குத் தனி உறை. அதில் தூண்களின் படம் நாலு, மந்திரி நாடா வெட்டும் படம் இரண்டு. பிரதமரின் மகன்தான் அந்த மந்திரி. கடைசியாக ஒரு படம் இருந்தது. திறந்த அன்று ஜனங்களை நடக்க விட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் வருகிறாள். கழுத்தளவு வெட்டிய முடி காற்றில் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. ஒரு கையில் செருப்பு. வாயெல்லாம் சிரிப்பு.

ஞாயிறு அக்கா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இதான் படம். மத்ததெல்லாம் கல்லும் கம்பியும். யாரு இது?"

அவன் திருப்பினான். பென்சிலில் பெட்டிக்காரரின் எழுத்து. குடும்பப் பெயர், தேதி, அதன் கீழே: மந்திரி மகள், பாலத்தில்.

"அரைப் பக்கம் இதுக்குத்தான்," என்று அக்கா போய்விட்டார்.

அவன் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினான். அந்தப் பெண் இடது முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு நடந்தாள், யாரோ இடிக்க வருவதைத் தடுப்பதுபோல. அவன் மனைவியும் அப்படித்தான் நடப்பாள். "உன் முழங்கைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கணும்," என்று பேருந்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் படத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் கைப்பேசியை எடுத்து அவள் படங்களைப் பார்த்தான். ஏழு மாதத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நீளமான முடி, கண்ணாடி, கொஞ்சம் சதை போட்ட கன்னம். அவன் அவளை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு இருபத்தைந்து. பாலத்தின் மேல் நடப்பவளுக்குப் பத்தொன்பது இருந்தால் அதிகம். அவள்தான் என்று ஒரு முறை தோன்றியது. பாலத்துப் படத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் யாரோ என்று தோன்றியது. பயம் அங்கேதான் வந்தது. ஏழு மாதத்துக்குள் அவள் முகம் தனக்கு அழிந்துவிட்டதா? சிரிக்கிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இனி இப்படித்தான் தோன்றுமா? இரண்டில் எது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை படத்தின் கீழே வரி எழுத உட்கார்ந்தான். 'மந்திரியின் மகள்' வரை தட்டினான். அழித்தான். எழுந்து பெட்டிக்காரரிடம் போனான்.

"இதை மந்திரி மகள்னு எப்படி எழுதினீங்க?"

"ஏன், என்ன கோளாறு?"

"யார் சொன்னாங்கன்னு கேக்கிறேன்."

"படம் எடுத்தவன் அந்தப் பொண்ணுகிட்ட பேர் கேட்டிருக்கான். குடும்பப் பேரைச் சொல்லியிருக்கா. பாலத்துக்கும் அந்தப் பேர். திறந்து வச்ச மந்திரிக்கும் அந்தப் பேர். மந்திரிக்கு அந்த வயசுல ஒரு பொண்ணு இருந்தா. இதுக்கு மேல என்ன, பிறப்புச் சான்றிதழா வேணும்?"

பக்கத்து மேஜையில் இருந்த ஞாயிறு அக்கா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"இது என் மனைவி மாதிரி இருக்கு," என்றான்.

அந்த அறையில் அந்தச் சொல்லை அவன் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. அக்கா எழுந்து வந்தார்.

"மாதிரியா தம்பி? இல்ல அவங்கதானா?"

"தெரியல."

பொண்டாட்டியைத் தெரியாதா என்று பெட்டிக்காரர் கேட்டிருக்கலாம். நல்லவேளையாக அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மந்திரி வீட்டுல கேட்டாச்சு," என்றார் அக்கா மெதுவாக. "செயலாளர் படத்தைப் பார்க்கக்கூட இல்ல. தாராளமா போடுங்கன்னுட்டார்."

"பேர் போடாம விட்டுடலாமே அக்கா."

"பக்கமே பேரைப் பத்தினது. பேர் இல்லாம ஒரு படம் எப்படி நிக்கும்? எடுத்துட்டா அரைப் பக்கம் ஓட்டை. நாளைக்கு நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லைன்னா படத்துப் பின்னால எழுதியிருக்கிறபடிதான் போகும். நான் வேற என்ன பண்றது, சொல்லு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று லட்சம் வீடுகளில் அவள் மந்திரி மகளாக ஆகிவிடுவாள். பிறகு யார் தேடினாலும் அந்தப் பக்கம்தான் கையில் கிடைக்கும். அவளுக்குப் பத்தொன்பது வயதில் வேறு அப்பா, வேறு வீடு.

சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவன் மாமியார். அவரைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. அவர் கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்றே சொல்லி வந்தான். அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த கைப்பேசி. படம் அனுப்ப வழியில்லை. நேரில்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பெட்டிக்காரர் கூப்பிட்டார். படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, மடங்காமல் அட்டையோடு வைத்திருந்தார்.

"இதைக் கொண்டு போ. வயசானவங்களுக்குச் சின்னப் படம் கண்ணுக்கு எட்டாது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் எழுதினது தப்புன்னா எனக்கும் தெரியணும்."

அத்தையின் வீடு மூன்றாவது மாடியில். கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் தையல் இயந்திரம். பக்கத்தில் பள்ளிச் சீருடைகள் குவியலாக, எல்லாம் நீல நிறம். பிள்ளைகள் வளர வளர ஓரம் பிரித்து நீளம் விடுவது அவர் தொழில். வாயில் குண்டூசியோடு நிமிர்ந்து பார்த்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"வாங்க மாப்பிள்ளை. வழி ஞாபகம் இருந்துச்சா?"

"வேலை, அத்தை."

"தெரியும். பிரதமருக்குக்கூட அவ்வளவு வேலை இருக்காது. உட்காருங்க."

நாற்காலியில் கிடந்த சீருடைகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். தண்ணீர் கொண்டு வந்தார். அவன் குடித்தான். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். அத்தை அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கேயாவது கல்யாணம் பேசியிருக்காங்களா? சொல்லுங்க. சின்ன வயசு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். பத்திரிகை குடுக்கத்தானே வந்தீங்க?"

"ஐயோ, இல்ல அத்தை."

"பின்ன என்ன மடியில?"

"ஒரு படம். யாருன்னு தெரியுதான்னு பாருங்க."

வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று படிக்கட்டிலேயே தீர்மானித்திருந்தான். சொன்னால், அவனுக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

அத்தை புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். முகத்தை அவர் பார்க்கவேயில்லை. விரல் நேராகத் தோளுக்குப் போனது. அங்கிருந்து கைக்கு இறங்கியது. அக்குளில் நின்றது.

"இந்தச் சட்டை நான் தைச்சது."



"இங்க பாருங்க. இடது பக்கம் மட்டும் ஒரு துண்டு வச்சிருக்கேன், நிறம் கொஞ்சம் மாறும். கழுதை முழங்கையைத் தள்ளிக்கிட்டே நடப்பாளா, எந்தச் சட்டையும் அந்தப் பக்கம்தான் கிழியும். நாலு சட்டைக்குத் துண்டு வச்சேன்." அதற்குப் பிறகுதான் முகத்துக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். "இது எங்க எடுத்தது?"

"பாலத்துல. திறந்த அன்னைக்கு."

"எந்தப் பாலம்? பெரிய பாலமா?"

"ஆமா."

"திறந்த அன்னைக்கேவா?"

"அன்னைக்குத்தான். அசல் படத்துக்குப் பின்னால தேதி இருக்கு."

அத்தை படத்தை மடியில் வைத்தார். உதடு துடித்தது. அழப் போகிறார் என்று அவன் நினைத்தான். அவர் சிரித்தார்.

"அன்னைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில ஒழுங்கா கிளம்பிப் போனா. சாயங்காலம் வந்து, ரொம்ப சுலபமா இருந்துச்சும்மான்னா. அப்புறம் பாஸாகலை. திருத்தினவங்க சரியில்லைன்னா. நான் நம்பிட்டேன் மாப்பிள்ளை. காலேஜுக்கே போய் ஒரு சண்டை போட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "பரீட்சைக்கே போகலையா இவ? செருப்பைக் கையில வச்சுக்கிட்டு ஆத்துக் காத்து வாங்கிட்டு வந்திருக்கா. பன்னெண்டு வருஷம் கழிச்சு மாட்டியிருக்கா பாருங்க."

அவன் கைப்பேசியை எடுத்தான். மணி மூன்று ஐந்து.

"அக்கா, நான்தான். அவதான்."

"யாரு, மந்திரி மகளா?"

"என் மனைவி."

மறுபுறம் அக்கா யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு பெட்டிக்காரரின் குரல் வந்தது.

"எப்படி உறுதியாச்சு?"

"சட்டையை வச்சு. அவங்க அம்மா தைச்சது. அக்குள்ல துண்டு வச்சிருக்கு."

மறுமுனையில் உறை சரசரத்தது. படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"ஆமா, இருக்கு," என்றார். "நான் இத்தனை வருஷமா முகத்தைத்தானே பார்த்தேன். சரி, உறையை எங்க மாத்தறது?"

"பெட்டியையா மாத்தப் போறீங்க?"

"பெட்டி அதேதான். பேர் மாறலையே." அவர் குரல் தணிந்தது. "எழுதினது தப்பு தம்பி. திருத்திடறேன்."

அக்கா மறுபடி வந்தார். "அரைப் பக்கம் இப்ப உன் கையில இருக்கு. எடுத்துடவா? இல்ல போடவா? போட்டா யாருன்னு போடறது?"

அவன் அத்தையைப் பார்த்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பேப்பர்ல வருதா? இந்தக் கழுதையா?"

"உங்களுக்கு வேண்டாம்னா எடுத்துடுவாங்க அத்தை. மந்திரி மகள்னு தப்பா எழுதியிருந்தாங்க. அதான் கேக்க வந்தேன்."

"மந்திரி மகளுக்கு என் சட்டை போட யோக்கியதை வேணாமா?" என்றார் அத்தை. படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். "போடச் சொல்லுங்க. தையல்காரி மகள்னு போடச் சொல்லுங்க. பரீட்சையைப் பத்தி மட்டும் எழுத வேண்டாம்."

அவன் அப்படியே சொன்னான். அக்கா எழுதிக்கொள்வது கேட்டது. பேருக்கு முன்னால் 'மறைந்த' என்று போட வேண்டுமா என்று கேட்டார். அவன் யோசித்தான்.

"அந்தப் படத்துல வேண்டாம் அக்கா."

"சரி. நீ எப்ப வர்றே?"

"வரணும்," என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

கைப்பேசியைப் பையில் போட்டான். அத்தை இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சீருடையின் ஓரத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். படத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்து நிறுத்தியிருந்தார். இனி அவன் எழுந்து, வருகிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான்.

நாற்காலியை இயந்திரத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"காலேஜ்ல யார்கிட்ட சண்டை போட்டீங்க அத்தை?"

அத்தை நூலைப் பல்லில் கடித்துத் துண்டித்தார்.

"கணக்கு வாத்தியார்கிட்டதான். பாவம், அந்த மனுஷன் அவ பேப்பரைத் தேடு தேடுன்னு தேடினார் பாருங்க," என்று ஆரம்பித்தார்.