தொடை இறுகணும்

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டப் போன சகாதேவன், துணியும் கையுமாக அப்படியே நின்றான். செத்துப்போன அண்ணன் அப்பாவுவின் வலது கால் மெலிந்து கிடக்க, இடது கால் மட்டும் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் வீங்கியிருந்தது.

"இது எப்ப அண்ணி வீங்குச்சு?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அருக்காணி மோவாய்க்கட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். புருசன் காலைத் தினம் மூணு வேளை தொட்டுப் பார்த்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வாசலில் ஆள் கூப்பிடவும் சகாதேவன் கட்டாமலே போய்விட்டான்.

சுனாமி வந்துபோன மறுவாரம் உப்பளத்தில் சேறு அள்ளப் போனவர், வரப்பில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் பார்த்தால் தொடை சூம்பிப் போயிருந்தது. நிவாரண கேம்ப்பிலிருந்து பயிற்சி சொல்லித்தர வந்த பெண் வினோதினி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அமுக்கச் சொன்னாள். அமுக்கும்போது தொடை இறுகணும், பத்து எண்ணுற வரைக்கும் விடக்கூடாது என்று அருக்காணியின் கையைப் பிடித்தே தொடையில் வைத்துக் காட்டினாள்.

அருக்காணிதான் எண்ணுவாள். உப்புக் கூடை எண்ணிய வாய்க்கு ஒன்று என்று வராது. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் வரும். என் காலுல என்னாடி லாபம் என்று அவர் சிரிப்பார். வாரங்கள் போயும் தொடை கொழகொழவென்றே இருந்தது. பங்குனி பிறந்து உப்பு விளைய ஆரம்பித்துவிட்டது, இந்த மனுசன் எழுந்து நடக்காவிட்டால் என்ன கதி என்று அவள் துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டி வைப்பாள்.

போன திங்கட்கிழமை கை வைத்தாள். கல்லாட்டம் இருந்தது. பாவி மகளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கணுமே, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அமுக்காமல் சும்மா கிடக்கும்போதும் அது இறுகியே இருந்ததை யோசிக்கவில்லை. பாதம் வீங்கியதையும் கண்டுகொள்ளவில்லை. உப்புத் தண்ணியில் நிற்கிறவர்களுக்குக் கால் வீங்குவது என்ன புதுசா? அவர் உப்புத் தண்ணியில் கால் வைத்தே ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது இப்போதுதான் உறைக்கிறது.

இன்று காலையில், வலிக்குது, வேணாம் என்றார். இறுகி வர்ற நேரத்துல விடலாமா என்று அதட்டி அமுக்க வைத்தாள். ஏழு எண்ணும்போது மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் மேலேயே சாய்ந்தவர்தான். பார்க்க வந்த டாக்டர், காலில் கட்டின ரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைத்திருக்கும், வீங்கினப்பவே கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் வினோதினி மாலையோடு வந்தாள். காலருகே குனிந்து கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அமுக்கியவளுக்கு முகம் வெளுத்துப்போனது. எத்தனை நாளாக இப்படி என்று மெல்லக் கேட்டாள்.

"அஞ்சு நாளு," அருக்காணியின் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "தொட இறுகிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன் பாப்பா."

சகாதேவன் துணியோடு மறுபடி வந்து வினோதினியிடம் கேட்டான். "காலு ஏம்மா இப்படி இருக்குது?"

வினோதினி அருக்காணியைப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"உசுரு போனப்புறம் வீங்கறதுதாங்க. அம்மா நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க."

அவன் தலையாட்டிவிட்டு விரல்களைச் சேர்த்துக் கட்டினான். கெண்டைக்காலில் வினோதினியின் விரல் பதிந்த குழி இன்னும் எழும்பவில்லை. அருக்காணி எட்டி, வேட்டியைக் கீழே இழுத்துவிட்டாள்.