கன்னையாவின் சிறுநீரக வாரம்

செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டும் கன்னையாவுக்கு ஒன்பது வருடமாக நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செந்தூலில் உள்ள அரசு கிளினிக்குக்குப் போவார். டாக்டர் ராதாகிருஷ்ணன் கணினித் திரையை நலம் விசாரித்துவிட்டு, அதே மருந்தை எழுதிக்கொடுப்பார்.

"ஒன்னுக்கு நுரையா போவுது டாக்டர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வெயில்ல லோரி ஓட்டுறீங்கல்ல. தண்ணி நெறைய குடிங்க."

முட்டி வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குவதைக் கன்னையா சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

இந்த வருடம் கிளினிக்கில் சிறுநீரக விழிப்புணர்வு வாரம் வந்தது. சிறுநீரக வடிவத்தில் பலூன், பதாகை, மேலதிகாரி வருகை. நூறு பேரைச் சோதித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், தொண்ணூற்றொன்பதில் நின்றது. கிளினிக் தாதியான மிஸ்ஸி மாதவி, மருந்து வாங்க வந்த கன்னையாவின் கையில் ஒரு கப்பைத் திணித்தாள்.

அவர் சிறுநீரில் நனைத்த காகிதப் பட்டை கரும்பச்சையானது. புரதம் ஏகமாகப் போகிறது. மாதவி அவருடைய பைலைப் பிரித்தாள். சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற ரத்தச் சோதனை முடிவு வருடாவருடம் ஒட்டப்பட்டிருந்தது. எழுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, நாற்பத்து நான்கு. மூன்றின் கீழும் ஒரே கையெழுத்து.

"உங்க சைன்தான் டாக்டர்" என்று பைலை டாக்டரின் மேசையில் வைத்தாள்.

"சைன் பண்ணா படிக்கணும்னு இருக்கா? எவ்வளோ பேஷண்ட் தெரியுமா?"

பக்கத்தில் நின்ற கன்னையாவுக்கு அண்ணன் டயாலிசிஸ் நாற்காலியில் கழித்த கடைசி நான்கு வருடங்கள் கண்ணில் வந்தன.

"அப்ப ஒம்போது வருஷமா நான் எதுக்கு வந்தேன் டாக்டர்? ஏர்கோன் குளிர்ல உக்காரவா?"

அதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். நூறாவது ஆள் என்று கன்னையாவை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் கிட்னி கெட்டுக்கிட்டு வர்றது மூனு வருஷமா பைல்ல இருக்கு. இன்னிக்கித்தான் மாதவி மிஸ்ஸி படிச்சாங்க. நீங்களும் உங்க பைல கேட்டுப் பாருங்க" என்றார். சட்டென்று பாட்டைப் போட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வரிசையில் நின்ற எல்லாருமே பைலைக் கேட்டார்கள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். மதியத்துக்குள் சிறுநீரகம் கெட்டுவரும் இன்னும் நான்கு பேர் அகப்பட்டார்கள்.

மாதவி கேட்டறிந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கன்னையாவின் முட்டி வலி மாத்திரையை நிறுத்தினாள். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து தொடங்கியது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. ஆறு மாதம் கழித்தும் எண் நாற்பத்து மூன்றில் நின்றது. போனது திரும்பாது என்று மாதவி சொல்லிவிட்டாள். இருப்பது நிலைத்தால் போதும் என்று அவர் லோரியில் ஏறினார்.

வருட இறுதியில், நோயை ஆரம்பத்திலேயே கண்டறிந்ததற்காக டாக்டர் ராதாகிருஷ்ணனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவருடைய கூர்ந்த கவனத்தைப் பற்றிய இரண்டு பக்க அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலை மாதவிக்குக் கிடைத்தது.