சோடியத்துக்கு வைத்த பொட்டு

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் குடுவை கழுவிய சுலோசனா, ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியில் சொந்தமாக ஓர் ஆய்வகம் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் செய்த சோதனைகளைப் பார்த்தே காலம் போய்விட்டது, இனி அவள் முறை. கணவர் தெய்வசிகாமணி மட்டும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "அந்த நாத்தம் எனக்கு ஆவாது" என்பார்.

ஆயுத பூஜையன்று காலை, மண்ணெண்ணெயில் கிடந்த சோடியத்தில் மிளகளவு நறுக்கித் துடைத்து, பீங்கான் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டுவரப் போனாள். அந்த நேரம் பார்த்துச் சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தார் தெய்வசிகாமணி. கீழே ஆட்டோ, மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பெண்டாட்டியின் சாமான்களை மட்டும் விட்டால் சாமிக்கே அடுக்காது. தராசு, குடுவை, கத்தி என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர், சோடியத்துக்கும் ஈரச் சந்தனத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

அது உஸ்ஸென்று சீறிப் புகைந்து, மஞ்சளாகப் பற்றிக்கொண்டு, படபடவென்று பொரிந்து அடங்கியது.

சுலோசனாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கையக் காட்டுங்க" என்று ஓடி வந்து புரட்டிப் பார்த்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாடி ஆய்வகத்துக்கு இன்றோடு மூடுவிழாதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொன்னு நறுக்கு" என்றார். "குச்சியால வெக்கிறேன்."